அகப்பையும் தடியும்

சென்ற தவணைப் பரீட்சையின் தமிழ் விடைத்தாள்களை ஓரிரவு திருத்திக்கொண்டிருந்தோம். பத்தாந் தர மாணவன் ஒருவன், 'ஒற்றுமை' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையை இவ்வாறு தொடங்கியிருந்தான்: "நாயும் பூனையும் இயற்கையிலேயே பகையானவை. அவற்றைப் போலவே உலகிலே சிலர் என்றும் ஒன்றுகூடி வாழ மாட்டார்கள்." எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. புள்ளித் திட்டத்தின்படி அவ்வசனங்களுக்காக ஒரு புள்ளியேனும் குறைக்க நியாயம் கிடையாது. ஆயினும் எமது சிவப்புப் பேனா அவ்விடத்தில் நின்றுவிட்டது. அவன் கூற்றுக்கு எதிரான சாட்சிகள் இரண்டு அந்நேரம் எமது மேசையின் கீழேயே உறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று வீமன் என்னும் நாய். மற்றது முத்து என்னும் பூனை.

அவ்விரண்டும் ஒரு மேசையின் கீழ் வந்து சேர்வதற்கு ஓராண்டுக்கு மேற் சென்றது. அக்காலத்தில் அவை செய்த பிழைகளைவிட நாம் செய்த பிழைகளே அதிகம். சமுதாயப் பிரச்சினைகள் மலைபோற் குவிந்து கிடக்கையில் நாயையும் பூனையையும் பற்றி எழுத வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஓர் அடுக்களை வாசலில் யாருக்கு எவ்வளவு உணவு, யார் யாருக்கு அஞ்சி ஒதுங்குவது, தடி யார் கையில் என்பன தீர்மானிக்கப்படும் முறை அற்ப விடயமன்று என்பது எமது கருத்து.

எமது வீடு வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றிலே, இரண்டு பரப்பு வளவினுள் இருக்கிறது. வீட்டில் நாமும் துணைவியாரும் அம்மாவும் ஏழு வயது மகளும். வளவிலே நான்கு வயது நிரம்பிய ஊர்நாய் வீமனும், கோழிகள் எட்டும். கோழிகள் அம்மாவின் சொந்தச் சொத்து. முட்டை விற்ற காசு அவருடைய சேலைத் தலைப்பின் முடிச்சில் இருக்கும். மகனிடம் கைநீட்டாமல் கோயிலுக்கும் மருந்துக்கும் செலவிட அவருக்கிருந்த ஒரே வழி அதுதான். இதனை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். வீட்டு விலங்குகளின் சமாதானத்தைப் பற்றிப் பேசுவோர், எந்த விலங்கு யாருடைய சீவனோபாயம் என்பதை மறந்துவிடுவதுண்டு.

2021 நவம்பர் மாரியில், பாடசாலை விட்டு வந்த மகள் தன் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். வீதியோர மதகினுள் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்ததாம். அதனுள் இருந்த குட்டிகளில் எஞ்சியது ஒன்று. ஆறு கிழமைக்கு மேல் வயதிராது. நனைந்த பஞ்சுபோல் இருந்தது.

"தம்பி, நாய் இருக்கிற வீட்டிலை பூனை தங்குமே? கோழிக்குஞ்சும் கிடக்குது. பிள்ளை அழுகுதெண்டு நீயும் தலையாட்டிப்போட்டு நிக்கிறாய்" என்றார் அம்மா.

"வீமன் நல்லவன் அப்பம்மா. சொல்லிக் குடுத்தால் கேட்பான்" என்றாள் மகள்.

சொல்லிக் கொடுப்பது எமது தொழில். ஆகவே அப்பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம்.

நாம் கைக்கொண்ட முறை பழமையானது. பூவரசந் தடியொன்றை முறித்து விறாந்தைத் தூணில் சாய்த்து வைத்தோம். வீமன் குட்டியை நோக்கிப் பாய்ந்தால் ஓர் அடி; உறுமினால் ஓர் அதட்டல். மூன்றே நாட்களில் வீட்டிலே அமைதி நிலவியது. குட்டி முற்றத்திற் குறுக்கே நடக்கும். வீமன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாலையில் வந்த சக ஆசிரியர் ஒருவருக்கு இக்காட்சியைக் காட்டிப் பெருமைப்பட்டோம். 'புலியும் பசுவும் ஒரே துறையில் நீர் அருந்திய நல்லாட்சி' என்று அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

அந்நல்லாட்சி இரண்டு கிழமைக்குமேல் நீடிக்கவில்லை. டிசெம்பர் மாதத்து நண்பகல் ஒன்றில் பாடசாலையிலிருந்து திரும்பியபோது, முற்றத்து மணலிலே இரத்தத் துளிகள் கிடந்தன. குட்டி விறகுக் கட்டுகளின் பின்னே ஒடுங்கிக் கிடந்தது. அதன் பின்னங்கால் ஒன்று தொங்கியது. தடி அதே தூணில் சாய்ந்திருந்தது. தடியைப் பிடிக்கும் கைதான் அன்று வீட்டில் இருக்கவில்லை.

அரசாங்க மிருக வைத்தியர் காலுக்குக் கட்டுப் போட்டவாறே நடந்தவற்றை விசாரித்தார். தடியின் கதையையும் மறைக்காமற் சொன்னோம்.

"மாஸ்ரர், அந்த நாய்க்கு நீங்கள் படிப்பிச்சது ஒண்டுதான். பூனை வந்தால் தனக்கு அடி விழும். அப்பிடியிருக்க அதுக்குப் பூனையிலை எப்பிடி விருப்பம் வரும்?"

கல்வியியற் பட்டப்பின் படிப்பிலே, தண்டனை பற்றிப் பல பக்கங்கள் விடையெழுதிச் சித்தியடைந்தவர் நாம். அன்று அவ்வைத்தியர் சொன்ன ஒரு வசனத்தின் முன் அப்பக்கங்கள் யாவும் கூசிப்போயின. புலியும் பசுவும் ஒரே துறையில் நீர் அருந்தியதாகச் சொல்லும் பழைய மரபை நாம் வகுப்பிலே எத்தனையோ முறை புகழ்ந்து விளக்கியிருக்கிறோம். அத்துறையிலே புலி அஞ்சியது அரசனின் வாளுக்கு. பசு அஞ்சியது புலிக்கும் வாளுக்கும். அரசன் வேட்டைக்குப் போன நாட்களில் அத்துறையில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அஃது எமது முற்றத்து மணலில் எழுதப்பட்டிருந்தது.

வைத்தியர் சொல்லித் தந்த முறை வேறு. அதிலே வீரம் எதுவும் இல்லை, பொறுமையே வேண்டியிருந்தது. கால் ஆறும்வரை குட்டியைத் தனியறையில் வைத்தோம். ஒன்றையொன்று பாராதிருந்த அந்நாட்களில் குட்டி படுத்த சாக்கை வீமனின் இடத்திலும், வீமன் படுத்த சாக்கைக் குட்டியின் அறையிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். நாய்க்கும் பூனைக்கும் மணமே முதல் அறிமுகம். பின்னர் மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வைத்தோம். முதல் நாள் இரு கோப்பைகளும் கதவிலிருந்து ஆறடி தூரத்தில். இரண்டும் அமைதியாக உண்டு முடித்தால், மறுநாள் ஒரு சாண் கிட்ட. ஒன்று உண்ணாது விறைத்து நின்றால், மறுநாள் ஒரு சாண் பின்னே. இவ்வாறு கோப்பைகள் கதவை வந்தடைய மூன்று கிழமை ஆயிற்று.

அதன் பிறகே கதவு சிறிது திறக்கப்பட்டது. வீமனுக்குக் கழுத்தில் கயிறு. ஆனால் கயிறு இறுகவில்லை. பூனையை ஒருதரம் பார்த்துவிட்டு எம்மைத் திரும்பிப் பார்த்தால் அதற்கு அவித்த மீன்துண்டு ஒன்று. பூனை வந்தால் அடி என்றிருந்த பாடத்தை, பூனை வந்தால் மீன் என்று மாற்றி எழுதினோம். முத்துவை ஒருபோதும் கையிலே பிடித்து நாயின் முன் நீட்டவில்லை. பிடிபட்டிருக்கும் பூனைக்கு ஓட வழியில்லை. ஓட வழியில்லாதது நகத்தை நீட்டும். ஆகவே, சுவரில் மார்புயரத்தில் ஒரு பலகை அடித்தோம். அடுக்களைக் கதவின் அடியில் பூனை மட்டும் நுழையத்தக்க ஒரு துவாரம் விட்டோம். முத்து அவ்விரண்டையும் அறிந்துகொண்ட பின்னர் ஓடுவதையே குறைத்துவிட்டது. ஓடாத பூனையை நாய் துரத்துவது அரிது.

இரண்டுக்கும் இடையே மொழிப் பிரச்சினையும் இருந்தது. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலை அடித்தடித்து ஆட்டினால் அது சினத்தின் குறி. விளையாட அழைக்கும் நாய் முன்னங்கால்களைத் தாழ்த்தி முகத்துக்கு நேரே பாயும். பூனைக்கு அது போர்ப் பிரகடனம். ஒன்று நல்லெண்ணத்துடன் சொல்வது மற்றதன் மொழியிலே வசையாகக் கேட்கிறது. இரண்டின் மொழியும் தெரியாத நாம் நடுவிலே தடியோடு நின்றிருந்தோம் என்பதை நினைக்கையில் இன்றும் நாணமாக இருக்கிறது. குட்டிகள் பிறவகை உயிர்களோடு பழகக் கற்கும் பருவமும் மிகக் குறுகியது. பூனைக்கு இரண்டாங் கிழமையிலிருந்து ஏழாங் கிழமை வரை. நாய்க்கு மூன்றாங் கிழமையிலிருந்து பன்னிரண்டாங் கிழமை வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முத்து அப்பருவத்தின் ஓரத்தில் வந்தது. வீமனோ அதைக் கடந்து ஆண்டுகள் நான்கு. முதியோர் கல்வி கடினம், ஆயினும் இயலாததன்று.

2022 மார்ச்சில் கயிற்றைக் கழற்றினோம். வீமன் முத்துவை முகர்ந்தது; முத்து ஒருமுறை சீறிவிட்டுப் பலகையில் ஏறியது; பிறகு இறங்கி வந்து நாயின் சாக்கின் ஓரத்தில் அமர்ந்தது. மகள் கைதட்டினாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் கோழிக்கூட்டுப் படலையைத் தாழிட்டார்.

அந்நாட்களில் நாம் வகுப்பிலும் ஆசிரியர் அறையிலும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றி ஓயாது பேசினோம். சீன உளவியலாளர் ஸிங்-யாங் குவோ என்பவர் 1930 இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. பூனைக்குட்டிகளை மூன்று வகையாகப் பிரித்து அவர் வளர்த்தார். எலி கொல்லும் தாய்ப்பூனையோடு, அது கொல்வதைப் பார்த்து வளர்ந்த குட்டிகள் 21. அவற்றில் 18 எலி கொல்லப் பழகின. தனிமையில் வளர்ந்தவை 20. அவற்றில் 9 கொன்றன. எலிகளோடு ஒரே கூட்டில் வளர்ந்தவை 18. அவற்றில் 3 மாத்திரமே கொன்றன. அந்த மூன்றும்கூடத் தம்மோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. உயிர்களை வைத்துச் செய்த அவ்வாராய்ச்சியின் கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆயினும் 'இயற்கைப் பகை' என்று கைவிரிப்போர்க்கு அது சொல்லும் விடை வலியது. பகையின் பெரும்பகுதி பழக்கம். அப்பழக்கம் தாயின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

இவ்வாறு பேசித் திரிந்த நாம், அந்த 3 குட்டிகளையும் அந்த 9 குட்டிகளையும் பற்றி அதிகம் பேசவில்லை. வயிற்றைப் பற்றியும் பேசவில்லை. அவற்றைப் பற்றிப் பேசும் காலம் விரைவில் வந்தது.

2022 இல் இந்நாடு பட்ட பாட்டை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை. செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. ஆகவே, ஏழைகளின் மீனாகிய சூடையும் சந்தைக்கு வருவது அருகியது. சம்பளம் மாறவில்லை. கணக்கிட்டுப் பார்த்தபோது எமது வீட்டில் முதலில் குறைந்தது விலங்குகளின் பங்கு. முதலில் குறைவது எப்போதும், வாய்விட்டுக் கேட்க இயலாதவரின் பங்குதானே.

மூன்று கோப்பைகளில் வைத்த உணவை ஒன்றாக்கினோம். மிஞ்சிய சோறு, கஞ்சி, மரக்கறித் தோல் யாவற்றையும் கிணற்றடியில் ஒரே பழைய தாச்சியில் கொட்டினோம். சிக்கனம் என்று அதற்குப் பெயரிட்டோம். முதல் நாள் வீமன் தின்றது, முத்து காத்திருந்தது. மூன்றாம் நாள் முத்து காத்திருக்கவில்லை. ஐந்து மாதம் பாடுபட்டுக் கட்டிய சமாதானம் ஐந்து நாட்களில் உடைந்தது. பசித்த முத்து ஒரு காலை கூட்டின் இடுக்கால் நுழைந்து இரண்டு குஞ்சுகளைக் கொண்டுபோயிற்று. ஒரு பேட்டுக்குஞ்சு என்பது ஆறு மாதத்தின் பின் ஒரு முட்டைக் கோழி. அம்மாவின் சேலை முடிச்சில் விழுந்த ஓட்டை அது.

அதற்கு அடுத்த கிழமை, தாச்சிக்கு மேல் இரண்டும் கட்டிப் புரள்கையில், விலக்கப் போன அம்மாவின் கையை வீமன் கடித்துவிட்டது. விசர் நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் வீமனுக்குப் போடுவது வழக்கம். அந்த ஆண்டு அலைச்சலிலே அதனை நாம் தவறவிட்டிருந்தோம். அம்மா பஸ் இல்லாத நாட்களிலும் எமது துவிச்சக்கர வண்டியின் பின்னே அமர்ந்து, அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்வந்து ஊசி போட்டுக்கொண்டார். குஞ்சுகளைப் பற்றியும் கையைப் பற்றியும் அவர் எம்மை ஒரு சொல் கேட்கவில்லை. "அதுகள் பசியிலை செய்ததுகள்" என்று மட்டும் துணைவியாரிடம் சொன்னாராம்.

கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அம்மாவின் மௌனத்தைத் தாங்காமல், குற்றவாளி ஒருவரைத் தேடினோம். வீமன் காவலுக்கு வேண்டியது. கோழி வருமானத்துக்கு வேண்டியது. எதற்கும் வேண்டாதது பூனை. இந்தத் தர்க்கம் எவ்வளவு எளிதாக எம் மனத்தில் உருவாயிற்று என்பதை இப்போது எழுதுகையில் கை கூசுகிறது. ஒரு பின்னேரம், மகள் அயல்வீட்டிலே விளையாடிய வேளையில், முத்துவை ஒரு சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டி, வண்டியின் கைபிடியில் தொங்கவிட்டுக் கடற்கரைச் சந்தையை நோக்கிப் புறப்பட்டோம். சந்தையடியில் மீன் நாற்றம் இருக்கும். பிழைத்துக்கொள்ளும் என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். படகு போகாத நாட்களில் அங்கே மீனும் இல்லை, மீன் நாற்றமும் இல்லை என்பது எமக்குத் தெரியாததன்று.

வழியிலே, கூட்டுறவுச் சங்கக் கடையின் முன் மண்ணெண்ணெய் வரிசை நீண்டு கிடந்தது. அதிலே பதினோராந் தர மாணவன் ஒருவன், தகப்பனின் படகுக்காக வெற்றுக் கலனோடு நின்றான். எம்மைக் கண்டதும் எழுந்தான்.

"சேர், பைக்குள்ளை என்ன, பூனையே?"

பை தன்னைத்தானே அறிவித்துக்கொண்டிருந்தது. "ஓம். மிருக வைத்தியரிட்டை கொண்டு போறன்" என்றோம்.

அவன் நாம் போகும் திசையைப் பார்த்தான். "அங்காலை கடலெல்லோ சேர்" என்றான்.

அவன் குரலிலே ஏளனமில்லை. ஏளனம் இருந்திருந்தால் ஆசிரியர் என்ற கௌரவத்தோடு ஓர் அதட்டுப் போட்டுவிட்டுப் போயிருப்போம். குவோவின் ஆராய்ச்சியை எம் வாயால் கேட்டு, 21, 20, 18 என்று எண்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டவன் அவன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டு, தணிந்த குரலிற் சொன்னான்: "எங்கடை வீட்டிலையும் ஒண்டைக் கொண்டுபோய் விட்டது சேர். ரண்டு நாளிலை திரும்பி வந்திட்டுது. போக இடமிருந்தால் அது ஏன் வருகுது எண்டு அம்மா சொன்னா. இப்ப எங்களோடைதான் கிடக்குது."

மீனவக் குடும்பம், நான்கு பிள்ளைகள், மூன்று மாதமாகப் படகு இறங்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் நாம் பூனையைச் சாக்கிற் கட்டிக்கொண்டு அவர்கள் வரிசையைக் கடந்துகொண்டிருந்தோம். வண்டியைத் திருப்பினோம். அன்று வீடு திரும்பிய ஐந்து மைல் தூரத்தையும் மிதித்தோமா உருட்டினோமா என்பது நினைவில்லை.

அன்றிரவு அம்மா பையை அவிழ்த்துவிட்டார். பிறகு, அகப்பையை எடுத்து, அந்தத் தாச்சிக் கஞ்சியை மூன்று சிரட்டைகளில் வார்த்தார். மொத்த அளவு முன்போலவேதான். ஒரு பிடி சோறேனும் கூடவில்லை. ஆனால் வீமனின் சிரட்டை கிணற்றடியிலும், முத்துவின் சிரட்டை சுவர்ப் பலகையின் மேலும், கோழிகளுடையது கூட்டினுள்ளும் வைக்கப்பட்டன. முதலில் நாய்க்கு, உடனே பூனைக்கு, பொழுது படுமுன் கோழிக்கு என்று நேரமும் ஒழுங்காயிற்று. சண்டை அன்றே பாதி குறைந்தது. பற்றாக்குறை மட்டுமே அவற்றை மோதவிட்டதென நாம் எண்ணியிருந்தோம். பற்றாக்குறையை ஒரே தாச்சியிற் கொட்டி, வலியது தின்னட்டும் என்று விட்ட எமது சிக்கனமும் அதிலே சமபங்காளி என்பதை அம்மாவின் அகப்பை காட்டிற்று.

மறுநாளே அம்மாவும் நாமும் ஒரு கணக்குப் போட்டோம். மூன்றுக்கும் சம அளவு என்பது நியாயம் போலத் தோன்றும், ஆனால் நியாயமன்று. நாய் மனிதனோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் உண்டு பழகியது. சோற்றிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பூனை, தானியக் களஞ்சியத்து எலியைத் தேடி மனிதரிடம் வந்தது. இன்றும் அது ஊனுண்ணியே. தோரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு தானே ஆக்கிக்கொள்வதில்லை; ஊனிலிருந்தே அது பெற வேண்டும். அப்பொருள் இல்லாதுபோனால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975 இலும், இதயத் தசை நலியும் என்று 1987 இலும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். ஆகவே, வீட்டுக்கு வரும் மீனின் தலையும் குடலும் அவித்து முழுவதும் முத்துவுக்கு. சோற்றின் பெரும்பங்கு வீமனுக்கு; சிறிது மீன் அவித்த நீரும் அதனோடு. கோழிகளுக்குத் தவிடும் கீரைத் தண்டும். பனங்காணியில் நாம் பெயர்த்து வந்த கறையான் புற்றும். தேவை அறிந்து பகிர்வது என்னும் கொள்கையை மாணவப் பருவத்திலே கூட்டங்களில் உரக்க முழங்கியிருக்கிறோம். அதனைக் கையால் அளந்து பார்த்தது அப்போதுதான்.

கோழிக்குஞ்சுகளின் விடயத்தில் இன்னொரு பாடம் எஞ்சியிருந்தது. குவோவின் கூட்டில் எலிகளோடே வளர்ந்தும் கொன்ற அந்த 3 குட்டிகளை நாம் வசதியாக மறந்திருந்தோம். வயிறு நிறைந்த பூனையும் சிறகடிக்கும் குஞ்சைக் கண்டால் பாயும். வேட்டை பசியினால் மட்டும் எழுவதன்று. அந்த இடத்திலே நல்லெண்ணம் போதாது, வேலி வேண்டும். வரிசையில் நின்ற மாணவன், சில நாட்களின் பின்னர் பழைய வலைத் துண்டொன்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கடலுக்கு உதவாத வலை. பனைமட்டை வரிச்சுக் கட்டி, அவ்வலையை மேலும் பக்கமும் இழுத்து, குஞ்சுகளுக்கு ஒரு வெளி அமைத்தோம். அவன் காசு வாங்க மறுத்தான். அம்மா நான்கு முட்டைகளை அவன் கையில் திணித்தார். வீமனுக்கு விசர்த் தடுப்பூசியும் அம்மாதத்திலேயே போடப்பட்டது. கோப்பையையும் வேலியையும் போல இதுவும் சமாதானத்தின் ஒரு பகுதி என்பதை, கடிபட்ட கை எமக்குக் கற்பித்திருந்தது.

அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. பிறகு மெல்ல மெல்லப் படகுகள் இறங்கின, சூடை வந்தது, சிரட்டைகள் மீண்டும் கோப்பைகளாயின. ஓர் ஆண்டின் பின் மாரிக்குளிர் தொடங்கிய இரவொன்றில், எமது மேசையின் கீழ் வீமனின் வயிற்றோடு சாய்ந்து முத்து முதன்முறையாக உறங்கிற்று.

இதனை நாட்டுக்கு உவமையாக்கிப் படிக்க வேண்டாமென்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். மக்கள் வளர்ப்பு விலங்குகள் அல்லர். யாரோ ஒருவர் அகப்பையோடு வந்து அளந்து ஊற்றும்வரை காத்திருப்பது அவர்களுக்கு விதியுமன்று, பெருமையுமன்று. மனிதர்க்குத் தேவையான சமாதானத்தில், அகப்பை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியே முதற் கேள்வி. நாயும் பூனையும் அக்கேள்வியைக் கேட்க இயலாதவை. எமது வளவிலே வாழ அவை விண்ணப்பித்ததுமில்லை. நாமே கொண்டுவந்து நாமே ஒன்றாக அடைத்தோம். அதனாலேயே அங்கு நிகழும் சண்டைக்கு முதற் பொறுப்பும் எம்முடையதாகிறது. 'பரம்பரைப் பகை' என்று சொல்லும்போது அப்பொறுப்பிலிருந்து நாம் மிக மலிவாகத் தப்பிவிடுகிறோம்.

மீண்டும் அந்த விடைத்தாளுக்கு வருவோம். புள்ளியை நாம் குறைக்கவில்லை. 'இயற்கையிலேயே' என்ற சொல்லின் கீழ் மட்டும் கோடிட்டு, "ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு எமது வீட்டுக்கு வரவும்" என்று ஓரத்தில் எழுதினோம்.

அவன் வந்தான். அம்மா சாப்பாடு வைக்கும் வேளை. கிணற்றடியில் வீமனும், பலகையில் முத்துவும், வலைக்குள்ளே குஞ்சுகளும் தத்தம் பங்கை உண்பதை வெகுநேரம் பார்த்தான். பின்னர் கேட்டான்:

"சேர், இப்ப எல்லாத்தையும் ஒரு கோப்பையிலை போட்டால் என்ன நடக்கும்?"

"அடிபடும்" என்றோம்.

"அப்ப நான் எழுதினது சரிதானே?"

கெட்டிக்காரன். எம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. அடுக்களை வாசலில் அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாதான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அந்த ஒரு கோப்பையை வைக்கிறது ஆர் தம்பி? நாயே, பூனையே?"